தொண்ணூறு இருக்கை, நான்கு கிட்டார்: நாஷ்வில் புளூபேர்ட் கஃபே – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத் தலைநகர் நாஷ்வில். அதன் தெற்குப் பக்கம் கிரீன் ஹில்ஸ் பகுதியில், ஹில்ஸ்பரோ பைக் சாலையோரம் ஒரு சாதாரணக் கடைவரிசை. அதில் ஒரு கடைதான் புளூபேர்ட் கஃபே. ஏமி கர்லாண்ட் 1982-ல் இதைத் தொடங்கியபோது இது முதலில் உணவகம், பாட்டு பிறகுதான். அவருடைய தந்தை ஷெல்டன் கர்லாண்ட் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர். கடை திறந்த சில காலத்திலேயே சாப்பாட்டைப் பாட்டு முந்திக்கொண்டது. உள்ளே சுமார் 90 பேர் உட்காரலாம். ஓரமாகச் சின்ன மேடை ஒன்று உண்டு, ஆனால் இந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த மேடை இல்லை.

தாமே எழுதித் தாமே பாடுகிறவர்களின் கச்சேரி பற்றிப் பேசும்போதெல்லாம் புளூபேர்டின் பெயர் வந்துவிடும். "நெருக்கமான அனுபவம்" என்று சொல்லி எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அறை சின்னதாக இருந்தால் நெருக்கம் தானாக வந்துவிடாது. 90 பேர் கொள்ளும் எத்தனையோ மதுக்கூடங்களில் பாடுகிறவர் இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். புளூபேர்டில் கிடைப்பது நாற்காலி போடும் இடம், ஒலிபெருக்கி பார்க்கும் திசை, பேச்சை அடக்கும் விதி, காசு வரும் வழி ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று இசைவாக வைத்ததன் பலன். இதைப் பார்த்து மற்ற ஊர்களில் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வட்டமாக உட்காருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அவர்களின் நிகழ்ச்சிகள் இரண்டு மாதத்தில் சோர்ந்துபோகின்றன.

1985: நாற்காலிகள் நடுவுக்கு வந்தன

முதல் சில ஆண்டுகள் இங்கேயும் வழக்கமான முறைதான்: ஒருவர் மேடையேறுவார், பாடுவார், இறங்குவார். 1985-ல் டான் ஷ்லிட்ஸ், ஃப்ரெட் நாப்லாக், தாம் ஷைலர், பால் ஓவர்ஸ்ட்ரீட் என்ற நான்கு பாடலாசிரியர்கள் மேடையை விட்டுவிட்டு அறையின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். கேட்பவர்கள் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஒரு பாட்டு பாடுவார், அது பிறந்த கதையை இரண்டு வரியில் சொல்வார், அடுத்தது பக்கத்தில் இருப்பவர் முறை. இதற்கு "இன் த ரவுண்ட்" என்று பெயர் நிலைத்தது. இன்று நாஷ்வில்லில் "ரவுண்ட்" என்றாலே இதுதான்.

இந்த நால்வரும் அன்றைக்கு வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டுகளை எழுதியவர்கள். ஆனால் அவற்றைப் பாடிப் புகழ்பெற்றவர்கள் வேறு ஆட்கள். கென்னி ராஜர்ஸ் 1978-ல் பாடிப் பிரபலமாக்கிய 'த கேம்ப்ளர்' ஷ்லிட்ஸ் எழுதியது. தெரிந்த பாட்டு, தெரியாத குரல். அதை எழுதியவரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பாடும்போது அறை தானாகக் காது கொடுத்தது.

இருக்கை மாற்றத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. உதாரணத்துக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மேடை ஒரு கோடியில் இருந்தால் கடைசி வரிசைக்கும் பாடகருக்கும் நடுவே 11 மீட்டர் வரும். பாடகரை நடுவில் உட்காரவைத்தால் மூலையில் இருப்பவருக்குக்கூட 7 மீட்டர் சொச்சம்தான். நேரடியாக வந்துசேரும் ஒலியில் இது ஏறக்குறைய 4 டெசிபெல் லாபம். ஸ்பீக்கரில் அந்த 4 டெசிபெல்லைக் கூட்ட வேண்டியதில்லை, அதனால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடும் அபாயமும் அந்த அளவுக்குக் குறைகிறது. சிலர் பாடகரின் முதுகைத்தான் பார்ப்பார்கள் என்று ஆட்சேபம் சொல்வதுண்டு. உண்மைதான், ஆனால் அவர்களுக்கு எதிரே இருக்கும் மற்ற மூவரின் முகமும், அந்த மூவர் பாட்டைக் கேட்கும் விதமும் தெரியும். கச்சேரியில் பாதி அதுதான்.

நாற்காலிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விடவேண்டும். வலக்கைக்காரர் வாசிக்கும் கிட்டாரின் கழுத்து அவருடைய இடப்பக்கம் நீளும், சற்றுத் திரும்பினால் பக்கத்தவரின் மைக் கம்பியில் இடிக்கும். நால்வரில் ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் ஒரு பக்கத்தில் இரண்டு கிட்டார்களின் கழுத்தும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை மட்டும் இன்னும் அரை மீட்டர் அகட்டிவைக்க வேண்டும். இதைக் கச்சேரி தொடங்கிய பிறகு சரிசெய்ய முடியாது.

ஊளை எங்கிருந்து கிளம்புகிறது

இத்தனை சின்ன அறைக்கு மைக் எதற்கு என்று கேட்கலாம். பாட்டில் சொல் முக்கியம். முணுமுணுப்பாகப் பாடும் ஒரு வரியும் மூலை மேசைக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு மேல் ஒலி கூட்டத் தேவையில்லை. ஸ்பீக்கர் இருப்பதே தெரியாத அளவில் நிறுத்துவதுதான் ஒலிப்பொறியாளரின் திறமை.

திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளைக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் ஒலி அளவு 3 டெசிபெல் குறையும். ஒரு மைக்கிலிருந்து நான்குக்குப் போனால் 6, எட்டுக்குப் போனால் 9. நான்கு குரலுக்கு நான்கு மைக், நான்கு கிட்டாருக்கு இன்னும் நான்கு என்று வைத்தால் அந்த 9 டெசிபெல்லும் காலி. அதனால்தான் ரவுண்டில் கிட்டாருக்கு மைக் வைக்காமல், அதன் உள்ளே தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பிலிருந்து, அந்த மின்னொலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வழியாக, எல்லா ஒலியையும் கலந்து அளவிடும் மிக்ஸருக்குக் கொண்டுபோகிறார்கள். தனி ஆள் பாடும் இரவென்றால் கிட்டார் கழுத்தின் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக ஒரு நல்ல மைக் வைக்கலாம், பிக்கப்பைவிட அழகாகக் கேட்கும். நால்வர் இரவில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில்தான் வட்ட அமைப்பு ஆட்களை ஏமாற்றுகிறது. பாடகர் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மைக்கின் வாய் அவரைப் பார்த்து, அதாவது வெளிப்புறம் நோக்கி இருக்கிறது. அவருக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் ஸ்பீக்கரை மாட்டி அறைக்குள் திருப்பினால் அது நேராக மைக்கின் வாய்க்குள் ஒலியைக் கொட்டும். மேடைக் கச்சேரிக்குச் சரியாக இருந்த ஸ்பீக்கர்கள் ரவுண்ட் போட்டவுடன் ஊளையிடத் தொடங்குவது இதனால்தான். நடுவட்டத்துக்கு மேலே, கூரையோடு ஒட்டி, வெளிநோக்கிக் கீழே சாய்த்து மாட்டுவது சரியான வழி. பாடுகிறவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் தேவைப்பட்டால் இரண்டு சின்னப் பெட்டிகளை வட்டத்தின் நடுவே தரையில் முதுகுக்கு முதுகாக வைக்கலாம். கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது கிடையாது, எதிரே இருக்கும் பாடகரும் நடுவில் இருக்கும் மானிட்டரும் அந்தக் கேட்காத பக்கத்திலேயே விழுகிறார்கள். சூப்பர்கார்டியாய்ட் வகைக்குப் பின்னால் கொஞ்சம் கேட்கும், அதனால் இந்த அமைப்புக்கு எளிய கார்டியாய்டே மேல்.

மைக்குக்கும் உதட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடம் போதும். இன்னும் ஒட்டினால் கீழ் ஸ்தாயி ஊதிப்போய்ச் சொல் மழுங்கும், ஓரடி தள்ளிப்போனால் பொறியாளர் ஒலியைக் கூட்டவேண்டி வரும், ஊளை வரும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் கூடாது. பின்பக்கத் துளைகள் அடைபட்டால் அது எல்லாத் திசையும் கேட்கும் மைக்காக மாறிவிடும். கால் தாளம் போடுகிறவர்களுக்கு மரத்தரையில் ஒரு துண்டு கம்பளம் விரித்து, மிக்ஸரின் குரல் தடங்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டிவிட்டால் அந்த 'தொம் தொம்' அடங்கும்.

மிக்ஸரில் தடங்களை உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே வைக்கவேண்டும்: பொறியாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க இடமிருந்து வலம், ஒவ்வொருவருக்கும் குரல், கிட்டார் என அடுத்தடுத்து. யார் எப்போது சேர்ந்து பாடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத நிகழ்ச்சி இது. கை தடுமாறினால் ஒத்துப்பாடும் முதல் வரி போய்விடும்.

கிட்டார் செய்யும் சேட்டைகள்

பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதனால் ஜி கார்டு (பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலி) அடித்தவுடன் கிட்டார் தானாக முழங்கத் தொடங்கினால் ஸ்பீக்கரைக் குறை சொல்லக்கூடாது. ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பது முதல் மருந்து. அடுத்தது டிஐ பாக்ஸில் ஒலி அலையைத் தலைகீழாகப் புரட்டும் ஃபேஸ் பொத்தானைத் தட்டிப்பார்ப்பது. அதற்கும் அடங்காவிட்டால் மிக்ஸரில் அந்த அலைவரிசையை மட்டும் ஒல்லியாக 4 முதல் 6 டெசிபெல் குறைப்பது. மொத்த பாஸையும் குறைத்தால் கிட்டார் தகரம்போல் ஆகிவிடும்.

கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில் இருக்கும், அழுத்தத்தை மின்னாக்கும் பியெஸோ பிக்கப்புக்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே ஒலியை முன்கூட்டியே பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாத வகையை ஒரு மெகாஓமுக்குக் குறைவான உள்ளீட்டு மின்தடை கொண்ட சாதாரண டிஐ பாக்ஸில் சொருகினால் கீழ் ஒலி தொலைந்து, மேல் ஒலி வாத்துக் கத்துவதுபோல் வரும். அதற்கு உயர் உள்ளீட்டு ஆக்டிவ் டிஐ வேண்டும். உள்ளே ப்ரீஆம்ப் இருந்தால் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும். அதில் வயர் சொருகும் துளையே சுவிட்ச். ஒலிச்சோதனை முடிந்ததும் வயரைப் பிடுங்காமல் கிட்டாரைச் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். நடுப்பாட்டில் ஒலி கரகரத்து மங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிடுங்கும்போது பொறியாளரிடம் சைகை காட்டி, அவர் தடத்தை ஊமையாக்கிய பிறகே பிடுங்கவேண்டும். 90 பேர் அமைதியாக இருக்கும் அறையில் அந்த 'டமார்' துப்பாக்கிச் சத்தம்போல் கேட்கும்.

சுதி சேர்ப்பது ஓசையில்லாமல் நடக்கவேண்டும். கிட்டார் தலையில் கவ்வும் ட்யூனர் அதிர்வை வைத்து வேலை செய்வதால் பக்கத்தவர் பாடிக்கொண்டிருக்கும்போதே சரிபார்த்துவிடலாம். கிட்டார் கழுத்தில் தந்திகளைக் குறுக்கே அழுத்தும் கேப்போ கவ்வியை மாட்டினால் தந்தி இழுபட்டுச் சுதி சற்று ஏறும், மாட்டிய பிறகு ஒருமுறை பார்க்காமல் தொடங்கக்கூடாது. புதுத் தந்தியை முந்தின நாளே மாற்றி இழுத்துப் பழக்கிவிட வேண்டும். அன்று மாலை மாற்றிய தந்தி இரவு முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் ஒலிக்கருவிகளும் ஒரே மின்சுற்றில் இருந்தால், ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்பில் 'ங்ங்' என்று இரைச்சல் ஏறும். இரண்டையும் தனித்தனிச் சுற்றில் போட்டால் பெரும்பாலும் தீரும்.

பாட்டு வரிசை

நால்வர், இரண்டு மணி நேரம், கதையோடு சேர்த்துப் பாட்டுக்கு ஆறேழு நிமிடம். ஆக மொத்தம் 17, 18 பாட்டு, ஆளுக்கு நான்கோ ஐந்தோ. ஐந்தைத் தயார்செய்துகொண்டு வருகிறவர் மாட்டிக்கொள்வார், குறைந்தது எட்டு பாட்டு கையில் வேண்டும். ஏனென்றால் நமக்கு முன்னால் பாடியவர் மெதுவான சோகப்பாட்டு ஒன்றை அதே ஜி சுதியில் பாடி முடித்திருப்பார். நாமும் அப்படியே ஒன்றைத் தொடங்கினால் அறை கண்ணசரும். அந்த நேரத்தில் வரிசையை மாற்றத் தெரிந்தவரே நல்ல ரவுண்ட்காரர்.

முன்கதை ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பாட்டில் வரப்போகும் திருப்பத்தைக் கதையிலேயே சொல்லிவிடுவது பெரும் பிழை, பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விடும். எந்தச் சொல்லில் பாட்டு தொடங்கியது, கூட எழுதியவர் எந்த வரியில் முரண்டுபிடித்தார், இப்படி ஒரே ஒரு விவரம் போதும்.

சேர்ந்து வாசிப்பதற்கும் நாகரிகம் உண்டு. பாடுகிறவர் தலையசைத்தால்தான் சேரவேண்டும். அவருடைய கேப்போவையும் இடக்கையையும் பார்த்துக் கார்டைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் சரணத்தில் கைவைக்காமல் இருந்து, பல்லவி திரும்பும்போது மூன்றாம் சுரத்தில் ஒத்துப்பாடுவது, வரி முடிந்த இடைவெளியில் மட்டும் நாலு சுரம் இழைப்பது: இந்த அளவு போதும். சொல்லின் மேல் விழும் வாசிப்பு எத்தனை திறமையாக இருந்தாலும் இந்த அறையில் குற்றம்தான்.

"ஷ்ஷ்ஷ்!"

புளூபேர்டின் விதி இதுதான்: பாட்டு நடக்கும்போது பேசக்கூடாது. "ஷ்ஷ்" என்பதையே தன் முழக்கமாக அச்சடித்து வைத்திருக்கும் இடம் அது. பேசுகிறவர்களை வந்து அடக்குவார்கள், அடங்காவிட்டால் வெளியே அனுப்பவும் தயங்கமாட்டார்கள். காசு கொடுத்துக் குடித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரை வாய் மூடச் சொல்வது எந்த உணவகத்துக்கும் எளிதல்ல. கர்லாண்ட் அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தார், புளூபேர்டை புளூபேர்டாக்கிய முடிவு வட்டத்தைவிட அதிகமாக இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

விதியை மட்டும் சுவரில் எழுதினால் போதாது, இரைச்சல் போடும் பொருள்களையும் அடக்கவேண்டும். ஐஸ் இயந்திரம், மிக்ஸி, கல்லாப்பெட்டி, காற்றுக்குளிர்விப்பானின் உறுமல், பரிமாறுபவரின் தட்டுச் சத்தம் எல்லாம் குரல் ஒலிக்கும் அதே அலைவரிசையில்தான் வந்து மோதும். ஆர்டர் எடுப்பதும் பில் கொடுப்பதும் முடிந்தவரை பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கவேண்டும். நடுவில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் கைதட்டல் நேரத்தில் எடுக்கலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் பேசும்போது காபி கொண்டுவருகிறவர் எப்படி வந்துபோவாரோ அப்படிப் பரிமாறத் தெரிந்த ஊழியர்கள்தான் இங்கே நிலைக்கமுடியும்.

நியூயார்க் மாநிலத்தின் சரட்டோகா ஸ்பிரிங்ஸில் 1960 முதல் நடந்துவரும் கஃபே லீனா, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருக்கும் கிளப் பாசிம் போன்ற நாட்டுப்பாடல் காபிக்கடைகளிலும் இந்த மௌன மரபு உண்டு. அங்கே வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டு கேட்கவே வந்தவர்கள். மது விற்கும் இடத்தில் அதே மௌனத்தைக் கொண்டுவந்தது புளூபேர்டின் சாதனை.

காசு எங்கே இருக்கிறது

90 இருக்கையில் பெரிய பணம் இல்லை. டிக்கெட் 20 டாலர் என்று வைத்தால் நிறைந்த காட்சிக்கு 1,800 டாலர். அதில் 70 சதவீதம் பாடகர்களுக்கு என்றால் 1,260, நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு 315. மிச்சத்தில் பொறியாளர், ஊழியர், வாடகை எல்லாம் அடங்க வேண்டும். இது மாதிரிக் கணக்குதான். இருந்தாலும், இருக்கைக்கு இவ்வளவு சாப்பிட்டே ஆகவேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகையும், ஒரே இரவில் இரண்டு காட்சியும் இத்தகைய இடங்களுக்கு ஏன் உயிர்நாடி என்பதை இது காட்டும். முதல் காட்சி பத்து நிமிடம் இழுத்தால் இரண்டாவது காட்சிக்காரர்கள் வெளியே குளிரில் நிற்பார்கள். நேரத்தில் கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பெயர்பெற்ற பாடலாசிரியர்கள் இந்தத் தொகைக்கு ஏன் வருகிறார்கள் என்பதற்கு விடை அறைக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் அதை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் உரிமைத்தொகை, பாடியவருக்கு இல்லை. விற்பனையிலும் எழுதியவருக்குச் சட்டம் வகுத்த பங்கு உண்டு: 2006 முதல் 2022 வரை பாட்டுக்கு 9.1 சென்ட், 2023-ல் அது 12 சென்ட் ஆனது. 9.1 சென்ட் காலத்தில் ஒரு பாட்டு பத்து லட்சம் படி விற்றால் 91,000 டாலர். பாதி பதிப்பாளருக்கு, மீதியை இருவர் எழுதியிருந்தால் ஆளுக்கு 22,750. ஆக எழுதுகிறவர் தேடுவது டிக்கெட் பணத்தை அல்ல, அந்த 90 பேரில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு பதிப்பாளரையோ தயாரிப்பாளரையோதான். கார்த் புரூக்ஸ் 1988-ல் இங்கே பாடியதைக் கேட்டுத்தான், அதற்கு முன் கைவிரித்த கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் மனம் மாறி ஒப்பந்தம் போட்டது. டெய்லர் ஸ்விஃப்ட் பதின்ம வயதில் இங்கே பாடியபோது இசைத்துறை நிர்வாகி ஸ்காட் போர்செட்டா கேட்டார், பிறகு தன் புதிய நிறுவனத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொன்றையும் புதிதாகத் தொடங்குபவர்கள் மறக்கக்கூடாது. அஸ்காப், பிஎம்ஐ, செசாக் போன்ற உரிமை அமைப்புகளுக்கு இடத்தை நடத்துபவர்தான் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். பாடுபவர் தன் சொந்தப் பாட்டைத்தானே பாடுகிறார் என்ற வாதம் எடுபடாது, அவர் அந்த உரிமையை அமைப்பிடம் கொடுத்துவைத்திருப்பார்.

புகழ் வந்த பிறகு

கர்லாண்ட் 2008-ல் புளூபேர்டை நாஷ்வில் பாடலாசிரியர் சங்கத்திடம் ஒப்படைத்தார். 1967-ல் தொடங்கிய, லாபநோக்கமற்ற அமைப்பு அது. அறையைப் பெரிதாக்கிக் காசு பார்க்கும் ஆள் கைக்கு அது போயிருந்தால் இன்று வேறு கதை. 2012-ல் ஏபிசி தொலைக்காட்சியில் 'நாஷ்வில்' தொடர் ஒளிபரப்பானது. புளூபேர்டின் உட்புறத்தை அச்சு அசலாக அரங்கமைத்துப் படமெடுத்தார்கள். அதன்பின் இருக்கைகள் நிமிடங்களில் தீரத்தொடங்கின. தொடரில் கண்ட அறையைப் பார்க்க வந்தவர்கள் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், பாட்டுக்காகவே வந்துபோன உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பது அரிதானது. இது உண்மையான இழப்பு.

ஆனாலும் திங்கட்கிழமை திறந்த மைக் இரவு நிற்கவில்லை. பெயர் தெரியாதவரும் பெயர் கொடுத்து, முறை வந்தால் பாடலாம். ஞாயிறு இரவு, தேர்வில் தேறியவர்களுக்கு. அங்கே நன்றாகப் பாடித் தேறியவர்கள் காலப்போக்கில் ரவுண்டுக்குள் வருகிறார்கள். நால்வர் வட்டத்துக்கு ஆள் கிடைப்பது இந்தப் படிக்கட்டால்தான். நகல் எடுக்கிறவர்கள் முதல் மாதம் பெரிய பெயர்களை அழைத்து வட்டம் போடுகிறார்கள். மூன்றாவது மாதம் அழைக்க ஆளில்லை.

நாற்பது பேர் கொள்ளும் அறையில் இதைத் தொடங்க விரும்பினால், முதலில் ஓய்வான ஒரு வாரநாளில் திறந்த மைக் வைத்து, பாடுகிறவர்களையும் கேட்கிறவர்களையும் சேர்க்கவேண்டும். அடுத்த செலவு ஐஸ் இயந்திரத்தைச் சுவருக்கு அப்பால் தள்ளுவதற்கு. மைக் நான்கு, டிஐ நான்கு, எட்டுத் தடத்துக்கு மேல் உள்ள சின்ன மிக்ஸர், நடுவில் வெளிநோக்கி மாட்டிய ஸ்பீக்கர்கள், கையிருப்பாக ஒரு பெட்டி 9 வோல்ட் பேட்டரி, இரண்டு கேப்போ, ஒரு கட்டுத் தந்தி. ஒலிச்சோதனையைக் காலி அறையில் செய்வதால் ஒலி கூர்மையாகக் கேட்கும். ஆட்கள் நிறைந்தவுடன் உடையும் உடம்பும் மேல் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். சோதனையில் சற்றுக் கூர்மையாகப் பட்டால் அப்படியே விட்டுவிடலாம், முதல் பாட்டுக்குள் அது சரியான இடத்துக்கு வந்துவிடும்.